முன் வீல்ல ஊஊம்னு சத்தம் வருது, வீல் பேரிங்கை வீட்லயே மாத்தலாமா?

60ல போனா முன்பக்கம் ஊஊம்னு சத்தம், மெக்கானிக் பேரிங் போச்சுங்கறார், வீடியோ பாத்து நாமளே மாத்திக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. பாதி வேலைய தாராளமா நீங்களே பண்ணலாம். மீதி பாதிய பிரஸ் (பேரிங்கை நேரா அமுக்கி ஏத்தி இறக்குற மெஷின்) இருக்கிற லேத் பட்டறைல குடுத்துடுங்க. நான் இதைத் தெரிஞ்சுக்க ஒரே பேரிங்கை ரெண்டு தடவ மாத்த வேண்டியிருந்துச்சு.

என்னோடது 2012 மாடல் ஸ்விஃப்ட். ஒரு மழைக்கு வேளச்சேரில பம்பர் வரைக்கும் தண்ணில ஓட்டிட்டு வந்தேன், அடுத்த ரெண்டு மாசத்துல லேசா ஒரு ஊளை ஆரம்பிச்சுது. மொதல்ல டயர்னுதான் நினைச்சேன், ஏன்னா தேஞ்ச டயரும் அச்சு அசலா இதே மாதிரிதான் கத்தும். வித்தியாசம் என்னன்னா டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், கான்கிரீட் ரோட்ல ஒரு மாதிரி தார் ரோட்ல ஒரு மாதிரி, பேரிங் அப்படி இல்ல, ரோடு எதுவா இருந்தாலும் அதே சுருதிதான், ஸ்பீடு ஏற ஏற சுருதியும் ஏறும், ஆக்ஸிலேட்டரை விட்டு நியூட்ரல்ல உருட்டினாலும் நிக்காது. ஆள் இல்லாத நேரா ரோடா பாத்து மெதுவா ஸ்டீயரிங்கை இப்படி அப்படி ஒடிச்சுப் பாருங்க. வலது பக்கம் ஒடிச்சா வண்டியோட பாரம் இடது வீல்ல இறங்கும், அப்ப சத்தம் கூடினா பெரும்பாலும் இடது பேரிங். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

உறுதி பண்ண ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு வச்சுட்டு (வெறும் ஜாக்கிய நம்பி கைய உள்ள விடாதீங்க), வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, லொடலொடன்னா பேரிங்கா இருக்கும், இல்லன்னா பால் ஜாயின்ட் (வீலைத் தாங்குற கையோட சேர்க்கிற உருண்டை மூட்டு). இடம் வலம் மட்டும் ஆடுச்சுன்னா டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பி வீல்ல சேர்ற மூட்டு) பாருங்க. என் வண்டில ஆட்டமே இல்ல, ஆனா ஒரு கையால காயில் ஸ்பிரிங்கைப் புடிச்சுட்டு இன்னொரு கையால வீலைச் சுத்தினப்போ ஸ்பிரிங்ல கரகரன்னு மணல் அரைக்கிற மாதிரி அதிர்வு வந்துச்சு. ஆட்டம் இல்லன்னா பேரிங் நல்லாருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப நான் ஏமாந்த கதை. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட்ல குடுத்தேன், பிரஸ்ஸெல்லாம் கிடையாது, சம்மட்டியும் ஒரு பைப் துண்டும் வச்சு ரெண்டு மணி நேரத்துல அடிச்சு எறக்கிட்டாங்க, சத்தமும் போச்சு, சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்தேன். 4000 கிலோமீட்டர் கூட ஓடல, அதே ஊளை. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. இந்த மாதிரி வண்டில பேரிங் நக்கிளுக்குள்ள (வீலைத் தாங்குற இரும்புக் கட்டை) டைட்டா உக்காந்திருக்கும், ஹப் (வீலை மாட்டற, வீலோட சுத்தற பாகம்) பேரிங்குக்குள்ள டைட்டா உக்காந்திருக்கும். நக்கிள்ல இறக்கும்போது அவுட்டரை, அதாவது பேரிங்கோட வெளி வளையத்தை மட்டும்தான் அமுக்கணும். ஹப்பை உள்ள ஏத்தும்போது பேரிங்கோட இன்னருக்கு (உள் வளையம், ரெண்டு பாதியா இருக்கும்) அடில சரியான சைஸ் வளையம் குடுத்துத் தாங்கணும். அதை விட்டுட்டு ஹப் மேல சம்மட்டியப் போட்டா, அடி இன்னர்ல இறங்கி குண்டு வழியா அவுட்டருக்குப் போகும், குண்டு ஓடுற பாதைல கண்ணுக்குத் தெரியாத குழி குழியா விழுந்துடும். புது பேரிங் மாட்டும்போதே செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

ரெண்டாவது தடவ நானே கழட்டினேன். ஆக்ஸில் நட்டை (வீல் நடுவுல இருக்கிற பெரிய நட்டு) வீல் தரைல இருக்கும்போதே லூஸ் பண்ணணும், பிரேக்கை மிதிக்க ஒரு ஆள் வேணும், நட்டோட உதட்டை ஷாஃப்ட் பள்ளத்துல மடக்கி அடிச்சிருப்பாங்க, அதை உளியால நிமித்திட்டு நீளமான கம்பி போட்டுத் திருப்பினா வரும். அப்புறம் வீல், காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பாகம்), டிஸ்க், எல்லாத்தையும் கழட்டணும். காலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால ஸ்பிரிங்ல கட்டிடுங்க. ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) சென்சர் இருந்தா மொதல்ல அதைக் கழட்டி ஓரமா வைங்க, துருப்புடிச்சு உடையறது பெரும்பாலும் அதுதான். டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் (காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போல்ட் ரெண்டு, இதையும் கழட்டினா அவ்ளோதான், நக்கிள் கைல வந்துடும். எழுதறப்போ ஈஸியா இருக்கு, எனக்கு பால் ஜாயின்டே முக்கா மணி நேரம் தண்ணி காட்டுச்சு.

நக்கிளைப் பையில போட்டு பைக்ல லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த அண்ணன் ஹப்பைத் தள்ளினதும் பழைய இன்னர்ல பாதி ஹப்போடயே ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அது எப்பவும் அப்படித்தான் வரும் தம்பின்னு சொல்லிட்டு கட்டர்ல லேசா கீறி உளியால ஒரு தட்டு, கழண்டுச்சு. சர்க்ளிப்பை (பேரிங் வெளிய வராம புடிக்கிற வளையக் கிளிப்) எடுத்து, பழசைத் தள்ளி, பள்ளத்தைத் துடைச்சு, புதுசை ஏத்தறதுக்கு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். என்கிட்ட வாங்கினது 400 ரூபா. சர்க்ளிப் திரும்ப அதோட காடில சரியா உக்காந்துச்சான்னு நீங்களும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

பேரிங் வாங்கும்போது டூப்ளிகேட் ஜாஸ்தி, தெரிஞ்ச கடைல பில்லோட வாங்குங்க. ஏபிஎஸ் வண்டிக்கு சில பேரிங்ல ஒரு பக்க சீல்லயே காந்தம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சரைப் பாத்த மாதிரி இருக்கணும், மாத்திப் போட்டா மீட்டர்ல ஏபிஎஸ் லைட் எரியும், திரும்ப கழட்டினா அந்த பேரிங் குப்பைக்குத்தான். சந்தேகமா இருந்தா ஒரு குண்டூசிய ரெண்டு பக்கமும் காட்டிப் பாருங்க, ஒட்டற பக்கம்தான் சென்சர் பக்கம்.

திரும்ப மாட்டும்போது ஆக்ஸில் நட்டு புதுசு போடுங்க, டார்க் ரெஞ்ச் (எவ்ளோ டைட்னு அளந்து திருப்புற ஸ்பேனர்) கடன் வாங்கியாவது மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டைட் பண்ணுங்க, ஏன்னா பேரிங்கோட ரெண்டு இன்னரையும் சேத்துப் புடிக்கிறதே அந்த நட்டுதான். நட்டு இல்லாம வண்டிய தரைல எறக்கி தள்ளிட்டுப் போகாதீங்க, பேரிங் கெட்டுடும். ஸ்ட்ரட் போல்டைத் தொட்டதால வீல் அலைன்மென்ட் (வீல் நேரா நிக்குதான்னு பாக்கறது) ஒரு தடவ பாத்துடுங்க.

ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தணுமான்னு சிலர் கேப்பாங்க, ஷாக் அப்சார்பர் மாதிரி இதுக்கு அப்படி ஒண்ணும் தேவையில்ல. என் வண்டில வலது பக்கம் இன்னும் கம்பெனில வந்த பேரிங்தான் ஓடிட்டிருக்கு.