ஐஆர் செக்கில் ஒரு முறை தவறிய பையனின் அப்பாவுக்கு

சார், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பைலட் பயிற்சியில் பையன் 200 மணி நேரப் பறப்பை எட்டப்போகிறான், எழுத்துத் தேர்வுகள் எல்லாம் பாஸ், கடைசியில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர்) செக்கில், அதாவது கருவிகளைப் பார்த்தே ஓட்டிக் காட்டும் தேர்வில் மட்டும் எக்ஸாமினர் 'இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வா' என்று அனுப்பிவிட்டார், தோட்டத்தை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது, இவனுக்கு இது வராதோ, பேசாமல் திரும்பக் கூப்பிட்டு எம்பிஏ சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எம்பிஏ மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த ஒரு செக்கை வைத்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

இந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இதுவரை உங்கள் பையன் ஓட்டியதில் பெரும்பகுதி, கண்ணாடிக்கு வெளியே அடிவானத்தைப் பார்த்து ஓட்டியது. இதில் வெளியே எதுவுமே தெரியாது, முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நம் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு மேகத்துக்குள் போனதும் கூசாமல் பொய் சொல்லும். விமானம் மெதுவாக ஒருபக்கம் சாய்ந்தால் உடம்புக்குத் தெரியவே தெரியாது, அதைக் கவனித்து நிமிர்த்தினாலோ இப்போதுதான் மறுபக்கம் சாய்வதாகத் தோன்றும். 1954-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 20 பேருக்குமே விமானம் கைமீறிப் போனது, அதுவும் சராசரியாக 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இரவில், கடலுக்கு மேல், மங்கலான வானிலையில் தானே ஓட்டிப் போய் விழுந்ததும் இப்படித்தான். ஐஆர் பயிற்சியில் இருந்தார், வாங்கியிருக்கவில்லை. கூட இருந்த இருவரோடு அவரும் போய்ச் சேர்ந்தார், திசை உணர்வு தடுமாறியதுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

ஆக உங்கள் பையனிடம் கேட்கப்படுவது தைரியமோ மூளையோ இல்லை. உடம்பு கத்துவதைக் காதில் வாங்காமல் முள் சொல்வதை நம்புகிற பழக்கம். அது மணிக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் மணி ஆகும், அவ்வளவுதான்.

மணிக்கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நிறைய பெற்றோர் இங்கேதான் குழம்புகிறார்கள். சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமத்துக்கு மட்டும் என்றால் 10 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் ஓட்டம் போதும். ஐஆர் வேண்டும் என்றால் 40 மணி நேரம், அதில் 20 வரை சிமுலேட்டரில் இருக்கலாம், அது போக பைலட்-இன்-கமாண்டாக (விமானத்தின் பொறுப்பு முழுக்கத் தன் கையில்) 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறப்பது. அப்புறம் கண்ணில் படாமல் போகிற ஒரு வரி உண்டு: இன்ஸ்ட்ருமென்ட் ஓட்டத்தில் குறைந்தது 5 மணியாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். தவறிய பிறகு விமானம் கிடைக்கவில்லை, எக்ஸாமினர் தேதி கொடுக்கவில்லை என்று நாள் தள்ளிக்கொண்டே போனால் இந்த 5 மணி நேரம் சத்தமில்லாமல் கரைந்துவிடும், கையும் துருப்பிடித்துவிடும். பையன் இருப்பது வடக்கே. டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி இறங்கினால் பயிற்சி விமானங்கள் தரையிலேயே கிடக்கும். பார்வை தெரியாமல் ஓட்டுவதற்கான தேர்வை, நன்றாகப் பார்வை தெரிகிற நாளில், பையன் தலையில் வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் ஹுட்டை மாட்டித்தான் நடத்துகிறார்கள். சிரிப்பு வரும், ஆனால் பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்த்தாக வேண்டுமே.

அதனால் பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் சிமுலேட்டரில் பிடிக்காதீர்கள். ஆனால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்திடம் ஒரு பயிற்சிப் பள்ளி (பெயர் வேண்டாம்) சிமுலேட்டர் மணிகளுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கியது, இயந்திரம் நான்கு மாதம் பழுதாகிக் கிடந்தது. நான்தான் அந்தப் பள்ளியைப் பரிந்துரைத்தேன், நேரில் போய்ப் பார்க்காமல் சொன்னது என் தவறு. இப்போதெல்லாம் 'இயந்திரம் இன்றைக்கு ஓடுகிறதா, இந்த மாதம் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்' என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சே.

சரி, இனி வருவதைத் தம்பியிடம் காட்டுங்கள்.

தம்பி, நீ அப்பாவுக்கு அனுப்பிய குறிப்பை அவர் எனக்கும் அனுப்பினார், கோபித்துக்கொள்ளாதே. ஹோல்டில் (முறை வரும் வரை ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருப்பது) நுழைவது குழம்பியது, அதைச் சரிசெய்வதற்குள் ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் ரன்வேக்கு வழிகாட்டும் அமைப்பு) வந்துவிட்டது, ரன்வேக்கு இடமா வலமா என்று காட்டும் லோக்கலைசர் முள்ளைத் துரத்தினாய், முள் ஒரு ஓரத்துக்கே போய்விட்டது, அப்போதும் இறங்கிக்கொண்டே இருந்தாய், அங்கேதான் எக்ஸாமினர் 'போதும்' என்றார். ஹோல்டால் தவறினேன் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் அப்படிப் படிக்கவில்லை. முள் ஓரத்துக்குப் போன கணத்தில் நீயே 'கோயிங் அரவுண்ட்' (இறங்காமல் திரும்ப ஏறுகிறேன்) என்று சொல்லிப் பவரைக் கொடுத்து ஏறியிருந்தால், அவருக்குப் பார்க்க வேண்டியது பெரும்பாலும் கிடைத்திருக்கும். வழி தவறினால் வருகிற கோபத்தைவிட, வழி தவறியது தெரிந்தும் கீழே போகிறான் என்றால் வருகிற பயம் பெரிது, நாளைக்கு உன் முதுகுக்குப் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா.

முள்ளைத் துரத்துவது எப்படி வருகிறது தெரியுமா? ஒரே கருவியில் கண் ஒட்டிக்கொள்வதால். லோக்கலைசரையே முறைத்துக்கொண்டிருந்தால் உயரம் 150 அடி போயிருக்கும், அதைத் திருத்தப் போனால் ஹெடிங் (விமானம் நோக்கும் திசை) போயிருக்கும். உன் வீடு ஆட்டிட்யூட் இண்டிகேட்டர், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி. அங்கேயிருந்து ஒரு கருவிக்குப் போ, பார், திரும்பி வீட்டுக்கு வா, அடுத்ததுக்குப் போ. முள் விலகினால் முள்ளைப் பார்த்துத் திருப்பாதே, ஹெடிங்கை 5 டிகிரி மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திரு. காத்திருப்பதுதான் கஷ்டம். இறங்கும் வேகமும் அப்படித்தான், கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் துரத்த வேண்டியதில்லை: 3 டிகிரி கிளைட் ஸ்லோப்புக்கு (இறங்கும் சாய்வுப் பாதை) கிரவுண்ட் ஸ்பீடை, அதாவது தரையை வைத்துப் பார்க்கும் வேகத்தை, ஐந்தால் பெருக்கு, 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. அதை முன்கூட்டியே வைத்துவிட்டு நுணுக்கமாக மட்டும் திருத்து.

ஹோல்டுக்கு வருவோம். டைரக்ட், பேரலல், டியர்டிராப் என்ற மூன்று நுழைவு முறைகளில் எது என்பதை ஃபிக்ஸுக்கு (ஹோல்டுக்கான குறிப்பிட்ட புள்ளி) மேல் வந்து யோசித்தால் போச்சு. மூன்று நிமிடம் முன்னாலேயே காகிதத்தில் ஃபிக்ஸைப் புள்ளியாக வைத்து, இன்பவுண்ட் (ஃபிக்ஸை நோக்கி வரும்) கோட்டை இழுத்து, நீ வரும் பக்கத்திலிருந்து ஒரு அம்பு போட்டுவிடு, நுழைவு தானாகத் தெரியும். 14,000 அடி வரை, காற்று இல்லாவிட்டால், அவுட்பவுண்ட் (ஃபிக்ஸை விட்டு விலகும்) கால் ஒரு நிமிடம், வேறு சொல்லாவிட்டால் வலப்பக்கத் திருப்பம். பக்கக் காற்று இருந்தால், இன்பவுண்டில் எத்தனை டிகிரி திருத்துகிறாயோ அதைப்போல் மூன்று மடங்கு அவுட்பவுண்டில். ஃபிக்ஸ் தாண்டும்போது டர்ன், டைம், ட்விஸ்ட், த்ராட்டில், டாக் (திரும்பு, நேரம் பார், கோர்ஸைத் திருகு, பவரைச் சரிசெய், பேசு) என்ற ஐந்து ஆங்கில 'டி'யையும் வாய்விட்டுச் சொல், கூச்சப்படாதே. ரேடியோ கடைசியில்தான், ஏடிசி (தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்பவர்) கொஞ்சம் காத்திருப்பார், விமானம் காத்திருக்காது.

இந்த முறை பார்ஷியல் பேனல் (சில கருவிகள் செத்துப்போனதாக வைத்து ஓட்டுவது) கேட்பதற்குள் செக் முடிந்துவிட்டது, அடுத்த முறை கேட்பார்கள். உன் பள்ளியில் பழைய முள் கருவிகள் உள்ள விமானம் என்றால், அவற்றைச் சுழற்றும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் அமைப்பு) போனதும் ஆட்டிட்யூடும் ஹெடிங்கும் சேர்ந்து படுத்துக்கொள்ளும், அதுவும் பட்டென்று படுக்காது, மெதுவாகப் பொய் சொல்லிக்கொண்டே சாயும். மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டர் (எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய் என்று காட்டுவது) மிச்சம் இருக்கும். வினாடிக்கு 3 டிகிரி, 90 டிகிரி வேண்டுமென்றால் 30 வினாடி, கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பு. திசைமானியை நம்பித் திரும்பினால் நம் பக்கத்து அட்சரேகைகளில் வடக்குக்கு முன்னதாகவே நிறுத்த வேண்டும், தெற்கைக் கொஞ்சம் தாண்டவிட்டு நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் பழக விமானம் வேண்டாம். கரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாம் முயற்சிக்கு முன் பதினைந்து நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறையில் ஒரு நாற்காலி, சுவரில் கருவிப் பலகையின் பிரிண்ட், மடியில் சென்னை ரன்வே ஜீரோ செவன் ஐஎல்எஸ் சார்ட், கையில் த்ராட்டிலுக்குப் பதில் ஒரு பூரிக்கட்டை. அம்மாதான் ஏடிசி. ஒரு சின்ன நோட்டில் 'க்ளியர்ட் ஐஎல்எஸ் அப்ரோச், ரன்வே ஜீரோ செவன்' என்று தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, குழம்பைக் கிளறியபடி படிப்பார், பெண் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் போயிருந்த அன்று அவள் சார்ட்டை பிரீஃப் பண்ணினாள்: அலைவரிசை, இன்பவுண்ட் கோர்ஸ், டெசிஷன் ஆல்டிட்யூட் (இறங்குவதா, ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) எல்லாம் சரியாக வந்தது. அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, 'மிஸ்ட் அப்ரோச் சொல்லவே இல்லையேடி' என்றார். இறங்க முடியாமல் திரும்ப ஏறினால் போக வேண்டிய வழி அது. அந்த அம்மா பத்தாவது வரை படித்தவர். பெண் அடுத்த மாதம் செக் முடித்தாள்.

தலையில் ஹுட் போட்டதும் மூச்சு முட்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். 1929 செப்டம்பர் 24-ல் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் கிளம்புவது முதல் இறங்குவது வரை வெளியே பார்க்காமல் முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோதும் காக்பிட்டை மூடிக்கொண்டுதான் ஓட்டினார், முன் இருக்கையில் பாதுகாப்புக்கு இன்னொரு பைலட் இருந்தார். சிமுலேட்டரிலும் ஹுட்டோடேயே உட்கார், நான்கைந்து நாளில் மூக்குக்கண்ணாடி மாதிரி பழகிவிடும்.

இனி உங்களிடம் வருகிறேன் சார். ஐஆர் கிடைத்ததும் செலவு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது 12 மாதத்துக்குத்தான் செல்லும், வேலை கிடைக்கும் வரை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கிற செலவு உங்கள் பையிலிருந்துதான் போகும். கடன் திட்டம் போடும்போது குறைந்தது ஒரு புதுப்பித்தலையாவது சேர்த்து எழுதுங்கள், இரண்டு என்றால் நிம்மதி. அதற்காக ஐஆர் இல்லாமல் சிபிஎல்லோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் போகாதீர்கள், ஏர்லைன் வேலை முழுக்க கருவி விதிகளின்படி பறப்பதுதான், இது இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். பேட்டியில் ஒரு முறை தவறினாயா என்று கேட்டால் 'ஆமாம், இந்த இடத்தில் தவறினேன், இப்படிச் சரிசெய்தேன்' என்று சொல்லட்டும், மறைக்க வேண்டாம்.

எப்போது நிறுத்தச் சொல்வேன்? இதே காரணத்தால் மூன்றாம் முறையும் தவறி, அவனோடு ஓட்டாத வேறொரு இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து பார்த்துவிட்டு 'இல்லை' என்றால். அல்லது கிளாஸ் 1 மெடிக்கலில் (விமானிக்கான உடல்தகுதிச் சோதனை) சிக்கல் வந்தால். அந்த இரண்டும் இப்போது இல்லை.

போனில் 'எப்போது முடியும்' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. 'இன்றைக்கு ஹோல்ட் எப்படி இருந்தது' என்று கேளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் விளக்குவான், விளக்கும்போதே அவனுக்கே எங்கே இடிக்கிறது என்று தெரியும். செக் அன்று காலையில் மட்டும் கூப்பிட வேண்டாம்.

முதல் வேலையாக லாக்புக்கின் (பறந்த மணிகளைக் குறிக்கும் பதிவேடு) கடைசி ஆறு மாதப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த 5 மணி நேரம் எந்தத் தேதி வரை தாங்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எந்த வாரத்துக்குள் எக்ஸாமினரிடம் தேதி வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.