வீட்டில் கிட்டார் பதிவு செய்தால் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. புது இன்டர்ஃபேஸ் (கிட்டாரையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டி) வாங்கினால் சரியாகுமா?

உங்கள் கேள்வியில் இருந்து எனக்குப் புரிந்தது இது. விண்டோஸ் மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். எலக்ட்ரிக் கிட்டார் ஒரு யூஎஸ்பி கேபிள் வழியாக நேராகக் கணினிக்குள் போகிறது. டிரம்ஸ் டிராக்கை மடிக்கணினியின் ஹெட்ஃபோன் ஜாக்கில் கேட்டுக்கொண்டே வாசிக்கிறீர்கள். வாசிக்கும்போது எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது, திரும்பப் போட்டுக் கேட்டால் கிட்டார் பின்னால் இழுக்கிறது.

பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். இதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வாசிக்கும் அந்தக் கணத்திலேயே உங்கள் கிட்டார் ஒலி காதுக்குத் தாமதமாக வருவது ஒன்று. பதிவானது முதலில் இருந்து கடைசி வரை ஒரே அளவு பின்தங்கி இருப்பது இன்னொன்று. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுவது மூன்றாவது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டாவது கண்டிப்பாக இருக்கிறது. மூன்றாவதும் கொஞ்சம் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

டிரம்ஸ் ஒலி மென்பொருளில் இருந்து கிளம்பி பஃபரில் (ஒலித் துணுக்குகள் சற்று நேரம் சேர்ந்து நிற்கும் இடம்) காத்திருந்து உங்கள் காதுக்கு வரக் கொஞ்சம் நேரம் ஆகிறது. அதைக் கேட்டு நீங்கள் சரியாகத்தான் தட்டுகிறீர்கள். அந்த ஒலி கேபிளுக்குள் போய், எண்களாக மாறி, இன்னொரு பஃபரில் வரிசையில் நின்று மென்பொருளைச் சேர மறுபடி நேரம். இந்தப் போக்குவரத்து நேரம் முழுவதையும் பதிவில் இருந்து கழித்து டிராக்கை முன்னால் தள்ளி வைப்பது மென்பொருளின் வேலை. ரீப்பர் போன்ற பதிவு மென்பொருள்கள் எவ்வளவு தாமதம் என்று டிரைவரிடம் (ஒலிச் சாதனத்தை இயக்கும் சிறு நிரலிடம்) கேட்டுக்கொள்கின்றன. ஆடாசிட்டி கேட்பதில்லை. யார் கணினியாக இருந்தாலும் -130 மில்லி விநாடி என்ற ஒரே எண்ணோடுதான் அது வருகிறது. உங்கள் உண்மையான தாமதம் 200 என்றால் 70 மில்லி விநாடி மிச்சம் நிற்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடியின் கால் பங்கே 125 மில்லி விநாடிதான், அதனால் 70 என்பது எந்தக் காதுக்கும் தெரியும்.

பலர் டிராக்கைக் கையால் இழுத்து ஒட்டவைத்து விடுகிறார்கள். ஒரு பாட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் உங்கள் வாசிப்பில் உள்ள முன்பின்னையும் கணினியின் தாமதத்தையும் சேர்த்து ஒரே இழுப்பில் சரி செய்யப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வழி. அளந்து விடுங்கள், அரை மணி நேர வேலை.

ஆடாசிட்டியின் பிரிஃபரன்சஸில் ஆடியோ பகுதிக்குப் போய் லேட்டன்சி காம்பன்சேஷனை, அதாவது அந்த -130 இருக்கும் இடத்தை, 0 ஆக்குங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்று இருக்கும், அதில் ஒரு கிளிக் டிராக் (சீரான டிக் டிக் ஒலி) உருவாக்குங்கள். இப்போது கிளிக் ஒலியைக் கையால் தொடாமல் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போடுவார்கள். உங்களிடம் அது இல்லை, ஆனால் எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறதே! ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைப் பிக்கப்பின் (கம்பிகளுக்குக் கீழே உள்ள காந்தச் சுருள்) மேல் கவிழ்த்து வையுங்கள். கம்பிகள் அதிராமல் இருக்க ஒரு துணியைச் செருகுங்கள். ஹெட்ஃபோன் சுருளில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலத்தைப் பிக்கப் அப்படியே பிடித்துக்கொள்ளும். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் கிளிக் தெளிவாகப் பதிவாகும். அக்கூஸ்டிக் கிட்டாரை மைக்கில் பதிவு செய்பவர்கள் ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தால் போதும்.

பதிவானதும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே மூலக் கிளிக் செங்குத்தாக எழும்பும் இடம், கீழே சற்றுத் தள்ளி அதே வடிவம் கொஞ்சம் மழுங்கலாக எழும்பும் இடம். இரண்டின் தொடக்கத்துக்கும் நடுவே தேர்வு செய்தால் கீழ்ப்பட்டையில் நீளம் தெரியும். 172 மில்லி விநாடி என்று வந்தால் காம்பன்சேஷனில் -172 என்று எழுதுங்கள். கழித்தல் குறி முக்கியம், அதை விட்டால் இடைவெளி இரட்டிப்பாகும். பிறகு அதே சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள், இரண்டு கிளிக்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை, ஒவ்வொரு பதிவிலும் எண் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் ஆடியோ ஹோஸ்ட் (மென்பொருள் விண்டோஸின் ஒலியை அணுகும் வழி) எம்எம்இ-யில் இருக்கிறதா என்று பாருங்கள். வசாபிக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள், பெரும்பாலும் நிதானத்துக்கு வந்துவிடும். ரீப்பரில் டிரைவர் சொல்லும் கணக்கே தவறாக இருந்தால் ரெக்கார்டிங் அமைப்பில் கைமுறையாக ஆஃப்செட் போட இடம் உண்டு. எந்த மென்பொருளானாலும் பஃபர், சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்), சாதனம் என எதை மாற்றினாலும் பழைய எண் செல்லாது.

இப்போது அந்த மூன்றாவது கோளாறு. கிளிக் சோதனையை ஐந்து நிமிடம் ஓடவிட்டு முதல் கிளிக்கின் இடைவெளியையும் கடைசிக் கிளிக்கின் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். உங்கள் கிட்டார் கேபிளுக்குள் ஒரு கடிகாரம், மடிக்கணினியின் ஒலி அட்டைக்குள் வேறொரு கடிகாரம். இரண்டு கைக்கடிகாரங்கள் ஒரே நேரத்தில் வைத்தாலும் மாதக் கடைசியில் பிரிந்து நிற்பது போலத்தான் இதுவும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி, ஐந்து நிமிடப் பாட்டில் 15. இதற்குக் காம்பன்சேஷன் எண் உதவாது. ஒலி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே சாதனத்தின் வழியாக நடந்தால்தான் தீரும். அதுவரைக்கும் பல்லவி, சரணம் என்று பகுதி பகுதியாகப் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு பதிவிலும் விலகல் பூஜ்ஜியத்தில் இருந்துதானே தொடங்கும்.

சிறுகச் சிறுக விலகாமல் ஒரு இடத்தில் திடீரென்று குதிக்கிறதா? அது கடிகாரம் அல்ல, கணினி நடுவில் சில சாம்பிள்களைத் தவறவிட்டிருக்கிறது. யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள், வைஃபையை அணையுங்கள், பஃபரைக் கூட்டுங்கள். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சார்ஜர் செருகியிருந்தால் கிட்டாரில் ரீங்காரம் வருகிறது என்று பிடுங்கி விடுகிறோம், உடனே மடிக்கணினி மின்சிக்கன நிலைக்குப் போய்த் திணறத் தொடங்குகிறது. பேட்டரியில் ஓடும்போதும் முழு வேகத்தில் ஓடும்படி பவர் அமைப்பை மாற்றி வையுங்கள். சாம்பிள் ரேட்டையும் ஒரு பார்வை பார்த்து விடுங்கள். விண்டோஸ் ஒலி அமைப்பில் இரண்டு சாதனத்துக்கும், ஆடாசிட்டி புராஜெக்டுக்கும் ஒரே எண் இருக்கட்டும், 44100 அல்லது 48000.

வாசிக்கும்போதே தாமதமாகக் கேட்பது உங்கள் புகார் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ப் ஒலியைக் கணினிக்குள்ளேயே உருவாக்கிக் கேட்டு வாசிக்கத் தொடங்கினால் இது வரும். 48000-இல் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லி விநாடி, 128 என்றால் அதில் பாதி. போக ஒன்று, வர ஒன்று, மாற்றத்துக்குக் கொஞ்சம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆக மேடையில் ஆம்ப்பில் இருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஏறக்குறைய 9 மில்லி விநாடி தாமதம். அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. 20-ஐத் தாண்டினால்தான் கை தடுமாறும். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்கவே வாசிக்காதீர்கள், அங்கே தாமதம் சாதாரணமாக 100-ஐத் தாண்டும்.

சரி, இன்டர்ஃபேஸ் வாங்கலாமா? அளந்து எண்ணைப் போட்ட பிறகும் ஐந்து நிமிடச் சோதனையில் விலகல் தெரிந்தால் வாங்குங்கள், உள்ளேயும் வெளியேயும் ஒரே கடிகாரம் ஆகிவிடும். சாம்பிள் ரேட், பிட் எண்ணிக்கை என்று விளம்பரத்தில் போடுவதை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: தயாரித்தவரின் சொந்த ஆசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் வகை), கிட்டாரை நேரடியாகச் செருகும் ஹை-இசட் உள்ளீடு, கிட்டாரைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேராகக் கேட்க வைக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான். ஆனால் ஆடாசிட்டியின் வழக்கமான பதிப்பில் உரிமச் சிக்கலால் நெடுங்காலமாக ஆசியோ இல்லாமல் இருந்தது, உங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அந்த டிரைவரின் பலன் முழுதாக வேண்டும் என்றால் ரீப்பர் போன்ற ஒன்றுக்கும் சேர்த்தே மாற வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.