படுகையில் பூட்டிக் கிடக்கும் பட்டறை: எங்கே தோண்டுவது, எப்போது எடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொள்ளிடக் கரைக்கும் பாசன வாய்க்காலுக்கும் நடுவே, படுகையில், பாத்திரங்களுக்கு முலாம் பூசிய பட்டறை ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த இடத்தை நெல் களமாக்கலாம் என்று ஊரில் பேச்சு. பக்கத்து போர் தண்ணீரைச் சோதித்ததில் 'குடிக்க உகந்தது' என்று வந்திருக்கிறது. அதை நம்பி இறங்கலாமா?
– வாசகர், திருவிடைமருதூர் வட்டம்

பதில்: வேண்டாம். அந்த ரிப்போர்ட்டில் எதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு இவ்வளவுதான் இருக்கும். முலாம் பட்டறை விட்டுப்போவது குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம், காட்மியம், சயனைடு. பிசுக்கு நீக்க ட்ரைகுளோரோஎத்திலீன் பயன்படுத்தியிருந்தால் அதுவும் சேரும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆய்வகம் இவற்றைப் பார்க்கும்.

ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி, குடிநீரில் லிட்டருக்கு மொத்த குரோமியம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02, காட்மியம் 0.003, சயனைடு 0.05 இவற்றைத் தாண்டக் கூடாது. 'காட்மியம் 0.01-க்குக் கீழே' என்று எழுதிக் கொடுத்தால் அதனால் பயனில்லை. வரம்பே அதைவிடக் கீழே இருக்கிறது. எவ்வளவு குறைந்த அளவு வரை அளக்க முடியும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆழம். ஊர் போர் பெரும்பாலும் களிமண் அடுக்குக்குக் கீழே உள்ள மணலிலிருந்து இழுக்கும். பட்டறைக் கழிவு முதலில் தேங்குவது மேல் மணலில், ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு இறக்குகிற ஆழத்தில். அங்கே எடுக்காமல் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் எங்கே, எத்தனை இடத்தில் தோண்ட வேண்டும்? (அதே வாசகர்)

பதில்: கடப்பாரைக்கு முன்னால் காகிதம். பட்டறையை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணை, ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் ஆலைகள் தர வேண்டிய படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கை, இவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள்; தொட்டி, கழிவுக் குழி, தூர்ந்துபோன வாய்க்கால் எல்லாம் தெரியும். அங்கே வேலை பார்த்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அலசிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று அவர்களைக் கேட்பது எந்த வரைபடத்துக்கும் குறைந்ததல்ல.

பிறகு கை ஆகரால் (கையால் திருகி இறக்கும் மண் துளைக்கருவி) மண் எடுங்கள். படுகையில் எல்லோரும் தவறவிடுவது இங்கேதான். வழக்கம்போல மேல் 15 சென்டிமீட்டரை மட்டும் சுரண்டினால், 2018, 2022 வெள்ளங்கள் கொண்டுவந்து போட்ட புது வண்டல்தான் கையில் வரும். பட்டறை ஓடிய காலத்துத் தரை அதற்குக் கீழே கிடக்கும். ஆகரில் வரும் மண்ணை ஷீட்டில் வரிசையாகப் பரப்பினால், வெளிர்ப் பழுப்பு வண்டலுக்கு அடியில் கருத்த தரை, செங்கல் தூள், பச்சை அல்லது மஞ்சள் கறை தென்படும். அந்த அடுக்கைத் தனியாகவும், அதற்கு மேலும் கீழும் தனித்தனியாகவும் பையில் போடுங்கள். மூன்றையும் கலந்தால் கறை கரைந்துபோகும். வெள்ளம் வடியும்போது சேறு தங்குகிற பள்ளம், மதகின் பின்புறம், குட்டை இவற்றிலும் எடுங்கள். பட்டறையின் கழிவு வேலியைத் தாண்டிப் போய்ச் சேரும் இடங்கள் அவை. ஆற்றின் மேல்பக்கம் ஓரிடத்தில் ஒப்பீட்டுக்கு எடுக்காமல் விடாதீர்கள். வெள்ளம் மேலிருந்தும் அழுக்கைக் கொண்டுவரும்.

நிலத்தடி நீர் போகும் திசையறிய ஒரே கோட்டில் இல்லாத மூன்று கண்காணிப்புக் குழாயாவது வேண்டும். 5 சென்டிமீட்டர் பி.வி.சி. குழாய் போதும். மறை போட்ட குழாயாக வாங்குங்கள். பசை போட்டு ஒட்டினால் பசையின் கரைப்பான் தண்ணீர்ச் சோதனையில் வந்து நிற்கும். குழாயில் தண்ணீர் புகத் துளையிட்ட பகுதியைச் சுற்றிச் சரளை, அதற்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டர் பென்டோனைட் களி (நனைந்தால் ஊதி அடைத்துக்கொள்ளும் களி), அப்புறம் சிமென்ட். குழாய் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளமே குழாய் வழியே உள்ளே இறங்கும். முக்கியமாக, களி தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். களியைக் குத்தித் துளைத்தால், மேலே தேங்கிய விஷத்துக்குக் கீழ் மணலுக்குப் போக நாமே வழி போட்டதாகும்.

திசை வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. மே மாதம் ஆறு வறண்டிருக்கும்போது நிலத்தடி நீர் ஆற்றை நோக்கிப் போகும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வாய்க்கால் கசிந்து மேடு கட்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் போனால் ஓட்டம் ஆற்றிலிருந்து ஊர்ப்பக்கம் திரும்பும். அதனால் மே, ஆகஸ்ட்–செப்டம்பர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி என மூன்று முறை மட்டம் பார்க்க வேண்டும். குழாய்த் தலைகளை ஆட்டோ லெவலில் (நில அளவையர் மட்டம் பார்க்கும் கருவி) மட்டம் பிடியுங்கள். டெல்டாவின் சரிவு அவ்வளவு குறைவு. இரண்டு சென்டிமீட்டர் பிசகினால் திசையே மாறிவிடும். மும்முனை கரண்ட் வந்து சுற்றுவட்டார மோட்டார்கள் ஓடும் நேரத்தில் அளக்காதீர்கள்.

கேள்வி: பாட்டிலில் பிடிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 5 சென்டிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். ஐந்து மீட்டர் நின்றால் 10 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கு, 30 லிட்டரை மெதுவாக வெளியேற்றுங்கள். பி.எச்., மின்கடத்துதிறன் ஏறி இறங்காமல் நின்ற பிறகு பிடியுங்கள்.

உலோகங்களுக்கு: 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கலங்கலோடு அமிலம் விட்டால் களிமண்ணில் இருக்கும் உலோகமும் கரைந்து அளவு பொய்யாக ஏறும். ஆறிணைதிறன் குரோமியத்துக்கு (குரோமியத்தின் அதிக நச்சு வடிவம்) அமிலம் கூடாது. அமிலத்தில் அது மூவிணைதிறனாக மாறிவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். சயனைடுக்கு நேர்மாறாக சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச். 12-க்கு மேலே. சயனைடு பாட்டிலில் அமிலம் விழுந்தால் விஷவாயு கிளம்பும், லேபிளை இரண்டு முறை படியுங்கள். ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழி கூடத் தெரியக் கூடாது.

கேள்வி: வடிகாலில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. எண்ணெய்க் கசிவா?
– வாசகர், நன்னிலம்

பதில்: குச்சியால் கிளறுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா. டெல்டா வடிகால்களில் சகஜம். உடனே திரும்ப ஒன்றுகூடினால் எண்ணெய், மாதிரி எடுங்கள்.

கேள்வி: ஆலைக் கழிவு கலந்த வாய்க்காலில் பாயும் வயலில் மண் எடுத்தோம். துத்தநாகம் மட்டும் கூடுதலாக வந்தது. இது போதுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. 'சம்பாவுக்கு நீங்களே ஜிங்க் சல்பேட் போட்டீர்கள்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் இருக்காது. பாஸ்பேட் உரத்தில் காட்மியமும் கொஞ்சம் வரும். அதனால் அதே மண், அதே உரம், வேறு வாய்க்காலில் பாயும் வயல் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். உரப் பரிந்துரைக்குச் செய்வதுபோல வயல் முழுக்க எடுத்துக் கலக்க வேண்டாம். சேறு படிவது மடைவாயில்; அங்கே, நடுவில், வடிமடையில் என்று தனித்தனியாக எடுத்தால், மடைவாயில் அதிகமாகி உள்ளே போகப்போகக் குறைவது தெரியும். அந்த இறக்கம் வாய்க்காலைக் கைகாட்டும்.

தண்ணீர் நிற்கும் வயலில் காட்மியம் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். கதிர் முற்றும்போது தண்ணீரை வடித்ததும் கரைந்து பயிருக்குள் ஏறும். ஆர்செனிக் இதற்கு எதிர், தண்ணீர் நின்றால்தான் கரையும். ஆகவே அறுவடையின்போது நெல்லையும் கட்டாயம் சோதியுங்கள்.

கேள்வி: எங்கே புகார் செய்வது?
– வாசகர், பாபநாசம்

பதில்: 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கான மத்திய விதிகள் வந்துள்ளன. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு செய்து, தேவைப்பட்டால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு நடத்த வேண்டும். சர்வே எண், புகைப்படம், ஆய்வக அறிக்கை சேர்த்து ஊராட்சிக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். வாரியத்தார் மாதிரி எடுக்க வந்தால் அதில் பாதியை முத்திரையிட்டுக் கேளுங்கள். அதுவரை அந்த இடத்தில் ஜே.சி.பி. விட்டு மட்டம் தட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். கறை படிந்த மண் எந்தெந்த வயலுக்குப் போனது என்று பிறகு தேட முடியாது.