பட்டறைக் கேள்வி பதில்: டமார்னு மூடுற செக் வால்வு

போன மாசம் பம்பு பத்தி எழுதினேன், வந்த கேள்வில பாதிக்கு மேல, தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுற செக் வால்வு பத்திதான் இருக்கு. சரி, இந்த மாசம் பூரா அதையே பேசிடுவோம்னு பகாவ் டவுன்ல கோப்பிக்கடையில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன். கேள்விங்கள சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

ஐயா, எங்கப்பா செம்பனை எண்ணெய் மில்லுல வேலை. பள்ளி லீவுல என்னையும் கூட்டிட்டுப் போனாரு. எல்லா வால்வுலயும் சக்கரம் இல்லாட்டி கைப்பிடி இருக்கு, ஒண்ணுல மட்டும் ஒண்ணுமே இல்ல. அத யாரு தொறப்பா?
(மாணவர், பீடோர்)

தம்பி, நல்லா கவனிச்சிருக்கே. அதுதான் செக் வால்வு, மில்லுல என்.ஆர்.வி.னும் (நான்-ரிட்டர்ன் வால்வு) சொல்வாங்க, மலாய்ல இன்ஜாப் சேஹாலா. தொறக்கறதும் தண்ணிதான், மூடறதும் தண்ணிதான். உள்ள ஒரு தட்டு மேல கீல்ல தொங்கிக்கிட்டு இருக்கும், தண்ணி முன்னால போனா தட்ட தள்ளிட்டுப் போயிடும், திரும்பி வரப் பாத்தா அதே தண்ணி தட்ட இழுத்துட்டு வந்து வாசல்ல ஒட்ட வெச்சிடும். பழைய லயத்து வீட்டுல பின்கதவு ஒரு பக்கந்தான் தொறக்கும், எதிர்க்காத்து அடிச்சா நெலையில போய் படார்னு ஒட்டிக்கும் பாரு, அதே கதைதான். உன் சைக்கிள் டியூப்ல காத்து அடிக்கிற எடத்துலயும் இது இருக்கு. உன் நெஞ்சுக்குள்ளயே நாலு இருக்கு, ரத்தம் பின்னால போகாம. அடுத்த தடவ போனா வால்வு ஒடம்புல ஒரு அம்புக்குறி இருக்கும், தேடிப் பாரு.

அண்ணே, ஆத்துலேர்ந்து மேட்டுல இருக்கிற தாங்கிக்கு (தண்ணித் தொட்டி) தண்ணி ஏத்துறோம், 6 இஞ்சு பைப்பு. பம்ப நிறுத்தின அடுத்த செகண்டே டமார்னு சத்தம், பைப்பு சப்போர்ட்டே ஆடுது. வால்வு நல்லா ஸ்ட்ரோங்கா மூடுது, அதான் சத்தம்னு எங்க சூப்பர்வைசர் சொல்றாரு. சரியா?
(பம்பு ஆப்பரேட்டர், பகாவ் பக்கத்துத் தோட்டம்)

சரியில்ல தம்பி, நேர் எதிர். அது ஸ்ட்ரோங்கா மூடல, லேட்டா மூடுது.

என்ன நடக்குதுன்னு மெதுவா பாருங்க. பம்பு நின்னதும் பைப்புல இருக்கிற தண்ணி ஒடனே நிக்காது, ஓடின வேகத்துல கொஞ்சம் மேல போகும், வேகம் கொறையும், ஒரு கண நேரம் நிக்கும், அப்புறம் மேட்டுலேர்ந்து கீழ திரும்பும். அந்த நிக்கிற நேரத்துலயே தட்டு வாசலுக்கு வந்து சேந்துட்டா சத்தமே கேக்காது. ஆனா பழைய மாடல் ஸ்விங் வால்வுல (கீல்ல தட்டு தொங்குற வகை) தட்டு கனம், தொறந்து தொங்குற எடத்துலேர்ந்து வாசல் வரைக்கும் தூரமும் ஜாஸ்தி, அது ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள தண்ணி பின்னால ஓட ஆரம்பிச்சிடும், ஓடுற தண்ணி தட்டையும் அடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல மோதி அங்கயே முட்டி நிக்குது. நீங்க கேக்கற டமார், இரும்பு இரும்புல படுற சத்தம் மட்டும் இல்ல, அவ்ளோ நீளப் பைப்புல வந்த தண்ணி மொத்தமும் சுவத்துல மோதுன மாதிரி நிக்கிற அடி. வாட்டர் ஹேமர்னு சொல்றது இதத்தான்.

எவ்ளோ அடின்னா, இரும்புப் பைப்புல வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல வர்ற தண்ணி திடீர்னு நின்னா, ஏற்கனவே இருக்கிற பிரஷருக்கு மேல 10லேர்ந்து 12 பார் வரைக்கும் ஏறும். 10 பார்னா சுமார் 100 மீட்டர் ஒசரத் தண்ணியோட கனம். பாதி வேகத்துல திரும்பி வந்தாலும் 5, 6 பார் இருக்கும். 1890கள்ல ஜுகோவ்ஸ்கினு ஒரு ரஷ்யக்காரர் மாஸ்கோ நகரத் தண்ணிக் குழாய்ல சோதனை பண்ணி இந்தக் கணக்கப் போட்டு வெச்சிட்டுப் போயிட்டாரு. ஜாயிண்ட்ல வெச்ச கேஸ்கெட் பிதுங்கறது, பம்பு கேசிங்ல (வெளி ஒடம்பு) கீறல் விழறது, வெல்டிங் எடத்துல ஊசி மாதிரி தண்ணி பீச்சறது எல்லாம் தெனமும் வாங்குற இந்த அடிதான்.

என்ன பண்ணலாம்? தட்டு பயணம் பண்ற தூரத்த கொறைக்கணும். ஸ்பிரிங் வெச்ச ரெட்டைத் தட்டு வால்வு கெடைக்குது, ரெண்டு ஃபிளாஞ்சு (பைப்பு நுனியில போல்ட் போடுற வட்டத் தட்டு) நடுவுல பிஸ்கட் மாதிரி உக்காந்துக்கும், தண்ணி வேகம் கொறையும்போதே ஸ்பிரிங் தட்ட தள்ளிட்டு வந்துடும், தண்ணி திரும்பறதுக்குக் காத்திருக்காது. உங்க வால்வுல வெளிய கம்பியும் அதுல ஒரு கனக்கட்டியும் இருக்கான்னு பாருங்க, சீக்கிரம் மூடத்தான் அத வெச்சிருப்பாங்க. வழியில இடிக்குதுன்னு யாராச்சும் கழட்டி ஸ்டோர்ல போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, பம்பு ஓடும்போதே டக்டக்டக்டக்னு சத்தம் வந்தா அது வேற வியாதி. வால்வு சைஸ் பெருசு, ஓடுற தண்ணி கொஞ்சம், தட்ட முழுசா தூக்கிப் புடிக்க தெம்பு இல்லாம ஆடிக்கிட்டே இருக்கும், கீல் பின்னு தேஞ்சிடும். எல்போ (பைப்பு வளைவு) பக்கத்துலயே வால்வ மாட்டினாலும் இப்படித்தான். வால்வுக்கு முன்னால கொறஞ்சது பைப்பு விட்டத்துல 5 மடங்கு நேர்ப் பைப்பு விடுங்க, உங்க 6 இஞ்சுக்கு 30 இஞ்சு.

ரெண்டு பம்பு இருக்கு, ஒண்ணு ஓடும் ஒண்ணு ஸ்டேன்பை. ஓடுற பம்பு நல்லாத்தான் ஓடுது, பிரஷரும் காட்டுது, ஆனா தாங்கி நெறைய மாட்டேங்குது. பம்ப மாத்தணுமா?
(ஃபிட்டர், கோல சிலாங்கூர்)

பம்ப தொடாதீங்க. மொதல்ல சும்மா நிக்கிற பம்போட கப்ளிங்க, அதாவது மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற எடத்த பாருங்க. அது பின்பக்கமா சுத்திக்கிட்டு இருந்தா அந்த லைன் செக் வால்வு போயிடுச்சு, நீங்க ஏத்துற தண்ணி அந்தப் பம்பு வழியாவே இறங்கி திரும்பி சம்ப்புக்கு, அதாவது கீழ்த் தொட்டிக்குப் போகுது.

நான் வேலை பாத்த ஒரு மில்லுல இதே கேஸு. நைட் ஷிஃப்ட், தண்ணி பத்தலன்னு பக்கத்துப் பம்பு ஸ்டார்ட் பட்டனையும் ஒருத்தர் அமுக்கிட்டாரு. அது ஏற்கனவே தலைகீழா சுத்திக்கிட்டு இருந்திருக்கு, மோட்டார் இந்தப் பக்கம் இழுக்குது, தண்ணி அந்தப் பக்கம் தள்ளுது, ஷாஃப்ட் சாவிக்காடி (சாவி உக்கார்ற பள்ளம்) கிட்ட முறுக்கின கரும்பு மாதிரி ஒடிஞ்சிடுச்சு. விடிஞ்சு செக் வால்வு மூடிய கழட்டினா உள்ள தட்டையே காணோம்! பின்னு தேஞ்சு அறுந்து, தட்டு அடுத்த எல்போவுக்குள்ள போய் குப்புறக் கெடந்துச்சு, பின்னு போற ஓட்டை முட்ட வடிவத்துல பெருசாகியிருந்துச்சு. அந்த வால்வ எத்தன வருஷமா யாரும் தொறக்கலன்னு கேட்டதுக்கு பதில் சொல்ல ஆள் இல்ல. கைப்பிடி இல்லாததால யாரு கண்ணுலயும் படாது, அதான் அதோட தலையெழுத்து.

அதுக்காக ரிப்பேர் பாக்கும்போது செக் வால்வு இருக்குல்லன்னு நம்பி பைப்ப கழட்டிடாதீங்க. கையால மூடுற கேட் வால்வ மூடி பூட்டுப் போட்டுட்டுத்தான் ஸ்பேனர எடுக்கணும். தட்டுக்கு அடியில ஒரு நார் சிக்கினாலே அது ஒழுகும்.

பாயிலர் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஃபீட் லைன்ல (பாயிலருக்குத் தண்ணி போற பைப்பு) செக் வால்வும் ஸ்டாப் வால்வும் ரெண்டும் எதுக்கு, எது மொதல்ல வரும்?
(தெலுக் இந்தான்)

பம்பு, செக் வால்வு, ஸ்டாப் வால்வு, பாயிலர். இந்த வரிசைதான். ஸ்டாப் வால்வு கையால மூடுறது, அது பாயிலர் ஓரமா இருந்தாத்தான் அத மூடிட்டு செக் வால்வ கழட்ட முடியும், மாத்தி மாட்டினா பாயிலர அணைச்சு ஆறவெச்சாத்தான் வேலை. செக் வால்வு எதுக்குன்னா, 20 பார் பாயிலர்ல தண்ணி 210 டிகிரிக்கு மேல இருக்கும், பம்பு நின்னா அது லைன்ல பின்னால ஓடி பிரஷர் கொறஞ்ச எடத்துல ஆவியா வெடிக்கும், இந்தப் பக்கம் பாயிலர்ல தண்ணி மட்டம் இறங்கி டியூபு காயும். ரெண்டையும் எழுதுங்க, ஒண்ணு மட்டும் எழுதினா பாதி மார்க்குதான்.

எங்க வீட்டுக் கொல்லையில குளத்துப் பம்பு. காலையில ஒவ்வொரு நாளும் வாளியில தண்ணி ஊத்தித்தான் ஓட்ட வேண்டியிருக்கு. கடைக்காரர் புதுப் பம்பு வாங்கச் சொல்றாரு.
(இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

வாங்காதீங்கம்மா. உறிஞ்சற பைப்போட அடி நுனியில ஃபுட் வால்வுனு ஒண்ணு தண்ணிக்குள்ள இருக்கும், அதுவும் செக் வால்வுதான், பம்பு நின்னாலும் பைப்புல தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும். அது ராத்திரி பூரா ஒழுகுது, காலையில பைப்பு காலி. மேல தூக்கி வெளிய எடுத்து பைப்புல தண்ணிய ஊத்துங்க, மட்டம் இறங்குதான்னு பாருங்க. இறங்கினா கழட்டி ரப்பர துடைச்சுப் பாருங்க, பாசியோ செம்பனை நாரோ ஒரு இழை ஒட்டியிருக்கும். இறங்கலன்னா ஃபுட் வால்வு மேல குத்தம் இல்ல, பம்புக்குக் கிட்ட ஏதாச்சும் ஜாயிண்ட்ல காத்து உள்ள போகுது, டேப் சுத்திப் பாருங்க.