லாக்ஸ்டன்: வரப்பில்லா வயல்களின் ஊர் – கேள்வி பதில்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சிற்றூர் லாக்ஸ்டன். வேலியில்லாத பெரிய வயல்களை ஊரார் துண்டு துண்டாகப் பங்கிட்டு, ஒரே சுழற்சியில் பயிரிடும் இடைக்காலத்துப் பொது வயல் முறை இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. அதுபற்றி வந்த கேள்விகள் இவை.

ஊர் எவ்வளவு பழையது? அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்?

இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக் கணக்கான 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டில் ஊர் இருக்கிறது: 22 குடியானவர்கள், சிறு நிலம் மட்டும் வைத்திருந்த 7 சிறுகுடிகள், ஆறு அடிமைகள். இதைக் கூட்டி மக்கள்தொகை என்று எழுதிவிடாதீர்கள், பலரும் செய்யும் பிழை அது. குடிகளில் குடும்பத் தலைவர் மட்டுமே கணக்கில் வருவார். நான்கைந்தால் பெருக்கினால்தான் உத்தேசமாகவாவது ஒரு எண் கிடைக்கும்.

ஒருவருடைய நிலம் ஏன் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது? வீண் அலைச்சல்தானே?

அலைச்சல்தான். ஆனால் மேட்டு நிலம், பள்ளம், நல்ல மண், கெட்ட மண் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஊருக்கு மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுழற்சி ஒரு படி நகரும். இந்தக் காலத்தில் தரிசு முறைக்கு வரும் வயலில் தீவனப் புல் வளர்க்கிறார்கள். மூன்று வயலிலும் பங்கு இல்லாதவன், தன் நிலம் தரிசாகும் ஆண்டில் பட்டினிதான். வீடுகளெல்லாம் வயலில் இல்லாமல் ஊர்த் தெருவிலேயே நெருங்கி நிற்பதற்கும் இதுவே காரணம்: எந்தத் துண்டின் பக்கம் போய் வீடு கட்டினாலும் மற்றவை தூரமாகிவிடும்.

ஒருவர் மட்டும் தன் துண்டில் வேறு பயிர் போட்டால்?

மாடு தின்றுவிடும்! பழைய வழக்கப்படி, அறுவடை முடிந்ததும் முழு வயலும் மேய்ச்சலுக்குத் திறக்கப்படும். இடையில் வேலி கிடையாது.

துண்டுகள் ஏன் இவ்வளவு நீளமாக, ஒடுக்கமாக?

எட்டு மாடு பூட்டிய ஏரைத் திருப்புவது பெரும்பாடு. அதனால் திருப்பங்களைக் குறைத்தார்கள். 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம் என்றால் ஒரு ஏக்கர், நம் கணக்கில் 100 சென்ட். எல்லாத் துண்டும் இந்த அளவில் இராது. நிலத்தின் சரிவுக்கும் பங்குக்கும் ஏற்ப மாறும். கலப்பை மண்ணை வலப்புறம் மட்டுமே புரட்டும். நடுவிலிருந்து வலஞ்சுழியாக உழுதுகொண்டே போனால் மண் நடுவில் குவிந்து முதுகுபோல எழும், ஓரம் வாய்க்காலாகும். லாக்ஸ்டன் மண் கனத்த களி. மழைநீர் வடிய இந்த ஓரங்கள் உதவின.

எல்லைத் தகராறு வந்தால்?

வராமல் எப்படி? ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் தள்ளிப் போட்டால், சில ஆண்டுகளில் பக்கத்துத் துண்டு மெலிந்துவிடும். பொதுப்பாதையையும் உழவே முடியாத புல் ஓடைகளையும் கடித்துக்கொண்டு போவதும் வழக்கம். அதற்காகவே ஜூரி என்ற ஊர் விவசாயிகளின் குழு இருக்கிறது. நவம்பர் கடைசியில் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து, எல்லையில் குச்சி அடித்து, அத்துமீறலைக் குறிப்பார்கள். ஒரு வாரம் கழித்து கோர்ட் லீட் என்ற பழைய ஊர்மன்றம், டவ்கோட் என்ற ஊர் மதுக்கடையில் கூடி அபராதம் போடும். தொகை அற்பம்தான், அயலார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும்.

மற்ற ஊர்களில், பொது வயல்களைத் தனித்தனியாகப் பிரித்து வேலியிட வைத்த வேலியடைப்புச் சட்டங்கள் இதை ஒழித்துவிட்டனவே?

பழம்பெருமையைக் காக்க யாரும் கிளம்பவில்லை. நிலம் இரண்டு பிரபுக் குடும்பங்களுக்கிடையே பின்னிக் கிடந்தது, மாற்றிக்கொள்வதில் ஒத்துப்போகவில்லை. முழுமையாகத் தப்பியது என்றும் சொல்ல முடியாது. வயல்களின் ஒரு பகுதி அடைக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்து எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தார்கள். இன்று தெரிவது அந்தக் குறைந்த வடிவம்தான். நிலத்தை 1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அது முடியரசின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணைக்கு.

பழைய நிலையைப் பார்க்க வழி?

மார்க் பியர்ஸ் 1635-இல் வரைந்த வரைபடம், ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக வரைந்திருப்பதோடு, உழுபவர்களையும் அறுப்பவர்களையும் ஓரமாகச் சேர்த்திருக்கிறார். அதில் நான்கு வயல்களைக் கண்டு குழம்ப வேண்டாம்: கிழக்கு வயலும் தெற்கு வயலும் சுழற்சியில் ஒன்றாகவே எண்ணப்பட்டன.