‘சும்மா சொன்னேன் டீச்சர்’ என்றாலும் விடாதீர்கள்

டீச்சர், உங்கள் கடிதத்தில் கேள்விகளாகப் போட்டிருக்கும் பட்டியலை அப்புறம் பார்ப்போம். முகக்கவசம், காலை வயிற்றுவலி, ஓயாத சளி, எழுத்து மறந்துபோன மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள், பேன் எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். அந்த ஆறாம் ஆண்டுப் பையன் காத்திருக்க மாட்டான். சளிக்கும் உங்கள் தூக்கமின்மைக்கும் நடுவில் அவனை நான்கே வரியில் முடித்துவிட்டீர்கள். வளர்த்த தாத்தா 2021-இல் கோவிட்டில் போய்விட்டார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. பள்ளி திறந்ததிலிருந்து அவனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. போன வாரம் தன் பந்துக் காலணியைப் பக்கத்து லயத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, “நான் இல்லன்னா அம்மாவுக்குச் செலவு மிச்சம்” என்றானாம். கேட்டதற்கு “சும்மா சொன்னேன் டீச்சர்” என்றானாம். ‘விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்தானே டாக்டர்?’ என்று கேட்கிறீர்கள்.

இருக்கலாம். ஆனால் அதை நீங்களும் நானும் ஊகித்து முடிவுகட்டக் கூடாது. அவனிடமே கேட்க வேண்டும், நாளைக்கே.

இந்த வயதுப் பிள்ளைகள் கணக்குப் பாடம் வந்தாலே ‘செத்துடலாம் போல இருக்கு’ என்பார்கள். அதற்கெல்லாம் நான் பதற மாட்டேன். சொன்ன கையோடு இடைவேளைக்கு ஓடுகிறவனை விட்டுவிடலாம். இவன் சொன்னது வேறு மாதிரி. தான் ஒரு பாரம், தான் போனால் மற்றவர்களுக்கு நிம்மதி என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதோடு ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுக்கிறான், ஒதுங்குகிறான், வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். எல்லாம் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரும்போது மருத்துவன் சமாதானம் தேட மாட்டான். ‘வகுப்பில் அவனால் தொல்லையே இல்லை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அமைதியான பிள்ளைகள் இப்படித்தான் நம் கண்ணில் படாமல் போகிறார்கள். மேசையைத் தட்டுகிறவனைத்தான் எல்லோரும் ஆலோசகரிடம் அனுப்புவார்கள்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று பிள்ளைக்குப் பாதி மூச்சு வரும். எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். நூலக அலமாரியில் புத்தகம் அடுக்கக் கூப்பிடுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் திறக்கும். முதலில் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம் சுற்றி வளைக்காமல், “அன்னைக்கு நீ சொன்னது என் மனசுலயே இருக்குய்யா. செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணுதா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது’, ‘அம்மா எவ்வளவு கஷ்டப்படுகிறார் பார்’ என்று ஆரம்பித்தால் அவன் மறுபடி ‘சும்மா’வுக்குள் போய்விடுவான். அம்மாவின் கஷ்டத்தைப் பார்த்துத்தானே அந்தக் கணக்கையே போட்டிருக்கிறான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள்.

ஆமாம் என்றாலோ, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறான் என்றாலோ அவனை ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. அன்றைக்கே அம்மாவோடு சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, வண்டி கிடைக்கவில்லை என்றால் அவசர எண் 999. இல்லை என்று தலையாட்டினாலும் அந்த வாரத்துக்குள் அரசாங்க கிளினிக்குக்குப் போயாக வேண்டும்.

அம்மாவிடம் சொல்வதற்குப் பெற்றோர் வாட்சாப் குழு வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில் குறிப்பும் வேண்டாம். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு நேரில் போங்கள். தலைமையாசிரியருக்கும் தெரியட்டும், இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. வீட்டில் புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சி மருந்து, தாத்தா விட்டுப் போன மாத்திரைகள் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மிச்ச மருந்தைக் குளியலறை ஓரம் வைக்கும் பழக்கம் தோட்டத்து வீடுகளில் உண்டு. ‘மேலே எடுத்து வைத்துவிட்டேன்’ என்றால் போதாது. பூட்ட வேண்டும், அல்லது வீட்டைவிட்டே போக வேண்டும்.

இனி, நீங்கள் எழுதி அடித்த வரிக்கு வருகிறேன். அடித்தது சரியாக அடிபடவில்லை, படிக்க முடிகிறது: ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?’ இரண்டு பக்கக் கடிதத்தில் உண்மையான கேள்வி இதுதான். பையனுக்காக மட்டும் கேட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரே கேலிப் பேச்சு. 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்று பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் துக்கத்தில் இருக்கும் பையனைப் பிடித்துப் போய் அங்கே அடைப்பதில்லை. நடப்பது இதுதான்: கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் சீட்டு எடுப்பீர்கள், டாக்டர் பேசுவார், தேவைப்பட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்கே வீடு திரும்பி, அடுத்த தேதிக்குப் போய் வருவார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அம்மா பயந்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அதுவும் போக, இவன் எதுவுமே செய்யவில்லையே.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் பள்ளியில் மட்டும்தான் இருக்கிறான் என்றும் நினைக்காதீர்கள். சுகாதார அமைச்சு 2022-இல் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது. உங்கள் பையன் அடுத்த ஆண்டு அந்த வயதுக்குத்தான் போகிறான், புது இடைநிலைப்பள்ளிக்கு, தாத்தா இல்லாமல்.

சரி, இப்போது உங்கள் உடம்பு. பள்ளி கேட் தெரிந்ததும் நெஞ்சு படபடக்கிறது, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. தடுப்பூசியால் இருதயம் வீங்கிவிட்டது என்று யூடியூபில் ஒருவர் சொன்னாராம். அந்த ஆளை விடுங்கள். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்குப் பின் அரிதாக இருதயத் தசை அழற்சி வருவது உண்மை. வந்தால் ஊசி போட்ட சில நாட்களில் வரும், அதுவும் அதிகமாக இளம் ஆண்களுக்கு. கடைசி ஊசி போட்டு ஒரு வருடத்துக்கு மேலான, நாற்பதை நெருங்கும் டீச்சருக்கு, திங்கட்கிழமை மட்டும், கேட் முன்னால் மட்டும் வருவது அதுவல்ல. இரத்தசோகையும் தைராய்டும் உண்டா என்று ஒரு முறை பார்த்து, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ மயக்கம் வந்தாலோ நேராக ஆஸ்பத்திரி. நாலு கோப்பியை ஒன்றாக்குங்கள்.

அக்காவின் தூக்க மாத்திரைதான் எனக்கு எரிச்சல். ‘பாதிதான் போடுகிறேன் டாக்டர்’ என்கிறீர்கள். அந்தப் பாதியைப் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கு, விளக்கில்லாத செம்பனைப் பாதையில், பனிமூட்டத்தில் கார் ஓட்டுகிறீர்கள். அந்த வகை மாத்திரை சில வாரத்தில் பாதியிலிருந்து முழுசாகும், அப்புறம் அது இல்லாமல் தூக்கமே வராது. அதற்காக இதைப் படித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! தினமும் போட்டுப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் அவர் தலைமையாசிரியரிடம் சொல்ல மாட்டார்.

இன்னொரு வரியும் என் கண்ணில் பட்டது. உங்கள் அப்பாவும் 2021-இல்தான் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். நீங்கள் தகனத்தைப் போனில் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு உடல் வரவில்லை, ஒப்பாரி இல்லை, பதினாறாம் நாளுக்குச் சனம் கூடவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் பள்ளிகளைக் கட்டங்கட்டமாகத் திறந்தார்கள், நீங்களும் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது என்று கேட்டார்கள், படம் பிடித்து அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். எந்த வீட்டில் யார் இல்லை என்று கேட்கவில்லை. பையனைப் பற்றி எழுத உட்கார்ந்து உங்களைப் பற்றி எழுதியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குச் செய்யாமல் விட்டதை இப்போது செய்தாலும் தப்பில்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் படையல் போட்டு, அவரைப் பற்றி வாய்விட்டுப் பேசி அழுங்கள். எந்தெந்தப் பிள்ளை வீட்டில் சாவு நடந்தது, எந்த ஆசிரியர் வீட்டில் நடந்தது என்று உங்கள் ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொள்ளவும் மேலிடத்து உத்தரவு தேவையில்லை.

பையனிடம் கேட்கச் சொன்ன கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா? ஆமாம் என்றால் ஈ.சி.ஜி.க்கு முன்னால் அதைச் சொல்லுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் இல்லை என்றால் மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555.

இனி உங்கள் பட்டியல். முகக்கவசத்தால் பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் குறையாது. அதற்காக விரல் மீட்டர் வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கிருமிநாசினியைப் பிள்ளைகள் மேல் தெளிப்பதை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாதாமாதம் சளி பிடிப்பது எதிர்ப்புச் சக்தி செத்துப்போனதால் இல்லை. இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிள்ளைகள் விட்டுப்போன சளியையெல்லாம் இப்போது பிடிக்கிறார்கள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் மூன்று பெண்களுக்கு இடைவேளைக்குள் சரியாகி, சனிக்கிழமை வலியே இல்லை என்றால் அது பயம். வலி நிஜம்தான், நடிப்பு என்று திட்டாதீர்கள். ஆசிரியர் அறை டிராயரிலிருந்து கேஸ்ட்ரிக் மாத்திரையும் கொடுக்காதீர்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அடக்கி வைத்தே வலி வருகிற பிள்ளைகள் உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத காய்ச்சல், எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எழுத்து தெரியாத மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை எடுக்கலாமா என்று உங்கள் சக ஆசிரியர் கேட்கிறாராம். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டு இரண்டு வருடம் ‘படித்த’ வீடு அது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள், ஒரு வருடம் எழுத்துக்கூட்டிப் படிக்க வையுங்கள். அதற்கப்புறமும் நகரவில்லை என்றால் பேசலாம்.

பேனுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தயவுசெய்து. பெர்மெத்ரின் லோஷன் மருந்துக் கடையில் கிடைக்கும். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், பேன் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துப் போட்டு ஈர்கோலியால் வாருங்கள், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். மொட்டை அடிக்கத் தேவையில்லை.