மாத ரிவ்யூ மீட்டிங் நடக்கும்போது குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளர்களுக்குத் தனி மேற்பார்வை எதற்கு?

கடலூர் மாவட்டத்தில் நாலைந்து களப்பணியாளர்களை வைத்து வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் கட்டாயம் வேண்டும்.

ரிவ்யூவில் எண்ணிக்கைதான் ஓடும்: எத்தனை வழக்கு, எத்தனை பாக்கி, குழந்தையின் வீட்டுநிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளுக்குள், குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனதா. 2015 இளைஞர் நீதிச் சட்டம் வைத்த கெடு அது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் "அந்த அப்பா சொல்றதை நம்புறதான்னு தெரியலை மேடம்" என்று பத்துப் பேர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்? அதுவும் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்!

15 நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒவ்வொரு பணியாளரோடும் தனியாகக் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். புதியவர் என்றால் வாரம் ஒருமுறை. இரண்டே வழக்கு போதும்: ஒன்று அவர் தேர்வு, மற்றது உங்கள் தேர்வு. உங்கள் தேர்வுக்கு, அவர் பேச்சே எடுக்காத கோப்பாகப் பார்த்து எடுங்கள்; சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குழந்தையிடம் தனியாகப் பேசினாரா? எது கண்ணால் கண்டது, எது அக்கம்பக்கம் சொன்னது? அந்த வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறாரா? தள்ளிப்போட்டால் திட்டாமல் காரணம் கேளுங்கள். மிரட்டலாக இருக்கலாம். அம்மாமேல் இரக்கம் கூடி, குழந்தையின் காயம் அறிக்கையில் சுருங்கிப்போவதும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எடுத்த முடிவை அன்றே தேதி போட்டு கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். பணியாளரின் மனக்கஷ்டம் கோப்பில் ஏறக் கூடாது.

குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகும்போது தனியே அனுப்பாதீர்கள். திட்டக்குடிப் பக்கம் போய்வர ஒரு பகலே ஆகிவிடும். எந்த வீடு, எப்போது திரும்புவார் என்பது ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். நேரம் தாண்டினால் யார் போன் செய்வது, எப்போது போலீசுக்குச் சொல்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள்.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கில் குழந்தை சொன்னதைக் கேட்டு வந்தவரிடம் அன்றே அரைமணி பேசுங்கள். தூக்கம் கெட்டு, எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். உங்கள் ஆபீஸ் கவுன்சிலரிடம் அனுப்பாதீர்கள். அவர் சக ஊழியர், நாளைக்கும் பக்கத்து மேசையில் உட்காருவார்.

யோசனை கேட்பதற்காக வாட்ஸப் குழுவில் குழந்தையின் பெயரையோ போட்டோவையோ போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.